பாரிவாக்கத்தில் ஓர் ஐந்தடி வழி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னீர்கள். கூட்டம் இரண்டாவது மாடியில், லிப்ட் கிடையாது என்று தெரிந்ததும் என் முழங்கால்கள் இரண்டும் ஒரே குரலில் மறுத்துவிட்டன. ஆகவே எழுதி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் சத்தமாகப் படியுங்கள். நடுவில் டீ வந்தால் நிறுத்திக் குடித்துவிட்டுத் தொடருங்கள். நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொள்ளும் வேலையிலிருந்தும் சேர்த்துத்தான் ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் என் பிழைப்பு முழுவதும் ஓடியது. பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரம் எழுதுவது என் வேலை. சர்வேயர் சாலமன் நாடா பிடித்து அளந்துகொண்டு வருவார். அந்த அளவுகளை, எந்த ஊர், எந்த சர்வே எண், நான்கு பக்கமும் என்ன இருக்கிறது, எத்தனை அடி என்று வாசகமாக்குவேன். பத்திரத்தின் முன்பகுதியில் அன்பு, பாசம், சுயபுத்தி, பூரண சம்மதம் எல்லாம் வரும். அதை யாரும் பிறகு திருப்பிப் பார்ப்பதில்லை. சண்டை வந்தால் எல்லாரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் வருவார்கள்.

உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூலப்பத்திரத்தில் இருக்கும் நான்கெல்லையை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துவிடுகிறீர்கள். கொரட்டூரில் ஒரு மனைக்கு ‘மேற்கே மாட்டுக் கொட்டகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சாலமனும் நானும் போய்ப் பார்த்தால் அங்கே டியூஷன் சென்டர் நடக்கிறது. மாடு போய், கொட்டகை போய், அந்த இடம் இரண்டு கை மாறியிருக்கிறது. பத்திரத்தில் மட்டும் மாடு அசைபோட்டுக்கொண்டே இருந்தது. அளவும் எல்லையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பெரும்பாலும் எல்லைதான் நிற்கும் என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். எல்லையே காணாமல் போயிருந்தால் எது நிற்கும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இடத்துக்குப் போங்கள், வெயிலாக இருந்தாலும் போங்கள். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்று நான் சொல்ல வந்தது வேறு.

பாரிவாக்கத்தில் ஒரு பாகப்பிரிவினை. ஏழெட்டு வருஷம் இருக்கும். அண்ணன் ஏகாம்பரம், தங்கை கஸ்தூரி, இரண்டே பேர். அப்பா விட்டுப்போன மனை ஒன்று. வடக்கே தெரு, தெற்கே ஏரிக்குப் போகிற வாய்க்கால். தெருப்பக்கம் இருந்த பழைய வீட்டில் ஏகாம்பரம் குடும்பம். பின்பாதியில் கஸ்தூரி சின்னதாக ஒரு தளம் போட்டு வீடு கட்டியிருந்தாள். அவள் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், ஷிப்டு வேலை. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தங்கைக்கு என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். சண்டையே இல்லாத பிரிவினை. நான் அந்த மாதிரிப் பார்த்தது அபூர்வம். அளக்கப் போன அன்று ஏகாம்பரமே சாலமனின் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தங்கைக்கு ஒரு அடி கூடப் போனாலும் பரவாயில்லை என்றார். கஸ்தூரி எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

அந்த மோரைக் குடித்துக்கொண்டே நான் கேட்டேன், “உங்க வீட்டுக்கு எப்படிப் போறீங்க?”

“இப்டித்தான்” என்று கை காட்டினாள். அண்ணன் வீட்டுக்கு மேற்குப் பக்கம், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து. தெருவிலிருந்து அவள் வாசல் வரை வந்தது. அண்ணன் வீட்டின் பக்கவாட்டுக் கதவும் அந்தச் சந்தில்தான் திறந்தது. குழந்தைகள் அந்தக் கதவில் நுழைந்து இந்த வாசலில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சந்து முழுக்க அண்ணன் பாகத்தில் இருந்தது. தெற்கே வாய்க்கால், கிழக்கிலும் மேற்கிலும் வேறு ஆட்களின் சுவர். அந்தச் சந்து இல்லையென்றால் கஸ்தூரி வீட்டுக்குப் பறந்துதான் போகவேண்டும்.

அண்ணனின் முன்பாதியை ஏ, தங்கையின் பின்பாதியை பி என்று வைத்து நான் இப்படி எழுதினேன்: ‘ஏ பாகத்தின் மேற்கு ஓரத்தில், மேலண்டை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து கிழக்காக ஐந்தடி அகலத்தில், வடக்கே தெருவிலிருந்து தெற்கே பி பாகத்தின் எல்லை வரை உள்ள நடைபாதையை இரு பாகத்தாரும், அவர்களுக்குப் பின் வருபவர்களும், பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ நாளைக்குச் சுவரே இடிந்தாலும் இடம் தெரியவேண்டும் என்று தெருமுனை சர்வே கல்லிலிருந்து தூரத்தையும் போட்டேன். சாலமன் கொடுத்த வரைபடத்தில் அந்தச் சந்துக்கு மட்டும் பச்சைக் கலர் அடித்து இணைத்தேன். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பதிவு அன்று முகூர்த்த நாள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். ஏகாம்பரம் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். பதிவு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஹோட்டலில் சாப்பிடுவது என்று அவரே முடிவு செய்து, எங்களையும் சேர்த்து ஆள் கணக்குப் போட்டுவைத்திருந்தார். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். மரத்தடியில் நின்று வாசித்தேன். நடைபாதை வாசகம் வந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“இரு இரு, ரைட்டரம்மா. இது இன்னாத்துக்கு?”

“உங்க தங்கச்சி போய்வர்ற வழி. அதை எழுதணும்.”

“என் தங்கச்சி என் ஊட்டாண்ட நடக்கறதுக்குப் பத்திரமா? நான் இன்னா, வழி உடமாட்டேன்னு சொன்னேனா?”

“நீங்க விடுவீங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க?”

“எனக்குப் பின்னாடி என் புள்ள. அவனும் அத்தைக்கு வழி உடமாட்டானா? நாளைக்கு ஊர்ல எவனாவது இதப் படிச்சா இன்னா சொல்லுவான்? ஏகாம்பரம் தங்கச்சியைத் தெருவுல நிறுத்திடுவான்னு பயந்துகினு எழுதி வாங்கிக்கினாங்கன்னு சொல்லமாட்டான்?”

குரல் உயர்ந்துவிட்டது. அங்கே நின்றிருந்த வேறொரு எழுத்தர் சும்மா இருக்கக் கூடாதா? “மாமூல் வழிநடை பாத்தியம் சகிதம்னு ஒரு வரி போட்டுடுங்க மேடம், எல்லாத்துக்கும் அதைத்தான போடறோம்” என்றார். ஏகாம்பரம் அதைப் பிடித்துக்கொண்டார். “கேட்டியா? அது போடு. அது மரியாதையா கீது.”

அந்த வாசகம் உங்களுக்குத் தெரியும். வழக்கமாக நடந்துவரும் வழியில் நடக்கும் உரிமையோடு என்று அர்த்தம். நீங்களும் நேற்றைக்குக்கூடப் போட்டிருப்பீர்கள். அதில் பொய் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம், எத்தனை அடி, எங்கிருந்து எதுவரை என்ற மூன்றும் கிடையாது. நடக்கிறவரும் விடுகிறவரும் உயிரோடு, உறவோடு இருக்கும் வரைக்கும் அது போதும். ஆனால் உறவு இருக்கும் வரைக்கும் பத்திரமே தேவையில்லையே. அது தேவைப்படும் அன்றைக்குப் பார்த்து அந்த வரி வாயைத் திறக்காது. நம் தொழிலில் நான் பார்த்த பெரும்பாலான வழித் தகராறுகளில், கடைசிப் பக்கத்தில் அந்த வரிதான் உட்கார்ந்திருந்தது.

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே கஸ்தூரி என் முழங்கையைப் பிடித்து ஆபீஸ் வாசலில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“ரைட்டரம்மா, வேணாம்மா. அண்ணன் சொல்றதே போடுங்க.”

“உங்களுக்காகத்தாம்மா எழுதறேன்.”

“தெரியுது. ஆனா எம்பொண்ணு வயசுக்கு வந்துட்டா. வர்ற மாசம் மஞ்சத்தண்ணி சுத்தறோம். தாய்மாமன் தட்டு வெக்காம சபையில எப்டி உக்கார வெப்பேன்? எனக்குப் பொறந்த ஊடுன்னு கீறது அவன் ஒருத்தன்தான். இந்த அஞ்சடிக்காக அவன் மூஞ்சத் திருப்பிகினான்னா நான் இன்னா பண்ணுவேன்?”

அவள் கண் நிறைந்திருந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இரண்டு தரப்பும் வேண்டாம் என்கிறது. யாருக்காக நான் பிடிவாதம் பிடிக்கிறேன்? சாலமனும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், “உடுங்கக்கா. கட்சிக்காரங்க ரெண்டு பேருமே ஒத்துக்கினாங்க. டோக்கன் நம்பர் வரப்போவுது. அப்பால இன்னொரு நாள் அலையணும்.” அவர் சொன்னதிலும் தப்பில்லை. அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் பசி. நல்ல சாப்பாடு கிடைத்திருக்கும்.

ஆனால் அளக்கப் போன அன்று ஒன்றைக் கவனித்திருந்தேன். அந்தத் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒன்றில் பிளாட் கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாரிவாக்கம் போகிற போக்கு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சொத்து விவரத்தை எதிரே நிற்கிற இரண்டு பேருக்காக நாம் எழுதுவதில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். இவர்கள் யாரையும் தெரியாத ஒருவன் என்றைக்காவது வந்து அந்தப் பக்கத்தைப் பிரிப்பான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவனுக்குக் கஸ்தூரி யார் என்று தெரியாது, அது போதும்.

நான் ஏகாம்பரத்திடம் திரும்பிப் போனேன். “ஐயா, வழி இல்லாத வீட்டை நான் எழுதித்தர மாட்டேன். இந்த வாசகம் வேண்டாம்னா காகிதத்தைத் திருப்பித் தர்றேன், வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க. எனக்கு நீங்க எதுவும் தரவேணாம். இது உங்க தங்கச்சிக்கு மட்டும் எழுதினதும் இல்லை. பொதுவில்னுதான் போட்டிருக்கேன். உங்களுக்கும் அதில் பாத்தியம் உண்டு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கஸ்தூரியைப் பார்த்தார். “நீ இன்னா சொல்ற?”

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் சொன்னாளே, அதையே சொல்லியிருக்கலாம். அண்ணன் முகத்துக்கு நேராக அவளால் அது முடியவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. அந்த மௌனம் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். என் பிடிவாதம்கூட அவரை அவ்வளவு காயப்படுத்தியிருக்காது.

“எழுதும்மா. நல்லா எழுது” என்றார். “எங்க கையெழுத்துப் போடணும்?”

கையெழுத்துப் போட்டார், ரேகை வைத்தார், போட்டோவுக்கு உட்கார்ந்தார். வெளியே வந்து பைக்கை எடுத்தார். ஹோட்டலைப் பற்றி யாரும் பேசவில்லை. கஸ்தூரி “அண்ணா” என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் சாலமனும் டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துத் தின்றோம். சரியாகத்தான் செய்தேன் என்று தெரிந்தும் ஒருத்தியின் வீட்டில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மஞ்சள் நீருக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள், போனேன். தாய்மாமன் சீர் வந்தது. பட்டுப் பாவாடை, வளையல், பழம், பூ, ஒன்றும் குறைவில்லை. எல்லாத் தட்டுகளும் கடையிலிருந்தே நேராக ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கின. ஏகாம்பரம் வரவில்லை. முன்வீட்டில்தான் இருந்தார். டிவி சத்தம் எங்களுக்குக் கேட்டது. சந்துப் பக்கக் கதவு தாழ் போட்டிருந்தது. தட்டை யார் வைப்பது என்று சபையில் ஒரு சலசலப்பு. கடைசியில் புருஷன் வீட்டுப் பக்கத்து ஒருவர் எடுத்துவைத்தார். கஸ்தூரி சிரித்துக்கொண்டே எல்லாரையும் சாப்பிடச் சொன்னாள். என் இலைக்கும் வந்து பாயசம் போட்டாள்.

அதற்குப் பிறகு வேலை வேலை என்று ஓடி, நானும் ஓய்வு பெற்று ஆவடியில் வீட்டோடு ஆகிவிட்டேன். போன வருஷம் ஒருநாள் கஸ்தூரி வீடு தேடி வந்தாள். பையில் அந்தப் பத்திரம். ஏகாம்பரத்தின் மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம். அண்ணன் முன்பாதியை ஒரு பில்டருக்கு விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாராம். வந்த பில்டர், பழைய வீட்டை இடித்த கையோடு மனை முழுவதையும் சுற்றித் தகரம் அடித்துவிட்டான். சந்தின் வாயையும் சேர்த்து. கஸ்தூரியும் புருஷனும் இரண்டு நாளாகக் கிழக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏணி வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாலமனையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பில்டரின் இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், உங்கள் வயசுதான் இருக்கும். மரியாதையாகவே பேசினார். “மேடம், ஏதோ மாமூல் வழின்னு சொல்லுவாங்க, அதெல்லாம் நாங்க எதுவும் பண்ண முடியாது” என்றார். பத்திரத்தைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு போய் சர்வே கல்லிலிருந்து அவரே நாடா பிடித்தார். மேலண்டை வீட்டுச் சுவர் இப்போது இல்லை, அவர்களும் இடித்துக் கட்டுகிறார்கள். கல்லிலிருந்து போட்ட தூரம்தான் கைகொடுத்தது. பச்சை அடித்த வரைபடத்தைப் போனில் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். உடனே வந்த போனில் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கத்துவது எங்களுக்கும் கேட்டது. “சார், ‘பின் வருபவர்களும்’னு தெளிவா இருக்கு சார், பிளானை மாத்தித்தான் ஆகணும்” என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலத்துக்குள் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். வக்கீல், கோர்ட் எதுவும் தேவைப்படவில்லை. என் வேலையில் நான் முழுத் திருப்தி கண்ட நாள் அது ஒன்றுதான். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு.

கஸ்தூரி உள்ளே கூட்டிப்போய் சேர் போட்டாள். சாலமன் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க எழுதாம உட்டிருந்தா, எங்கண்ணன் இந்த வழிய அடைச்சிருப்பானா?”

“மாட்டார்” என்றேன். அது உண்மை.

“இந்த பில்டரு?”

“அடைச்சது அடைச்சதுதான். கோர்ட்டுக்கு அலையாம எடுக்க வெச்சிருக்க முடியாது.”

“அப்ப நீங்க செஞ்சது கரீக்டுதான்” என்றாள். கணக்கைச் சரிபார்த்து முடிக்கிற குரலில் சொன்னாள். அதில் நன்றி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அவள் தொடர்ந்தாள். “வித்து முடிக்கறதுக்கு முந்தின நாளு அவன் வந்தான், ரைட்டரம்மா. இத்தினி வருஷம் கழிச்சு. தெருவுல நின்னுகினு ‘கஸ்தூரீ’ன்னு கூப்டான். ஓடிப்போனேன். ‘உள்ள வாண்ணா’ன்னேன். வரல. அந்தச் சந்து முனையிலயே நின்னான். காபி போட்டு எடுத்துகினு போயி தெருவுலயே குடுத்தேன். நின்னுகினே குடிச்சான்.”

“நீங்க சொல்லியிருக்கலாமே, அவருக்கும் இதுல பாத்தியம் உண்டுன்னு” என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

“சொன்னேம்மா. ‘இது பொது வழிண்ணா, பத்திரத்துல உன் பேரும் சேத்துத்தான் எழுதிக்கீது, நீயும் வரலாம்’னு சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

கஸ்தூரி என்னைப் பார்க்காமல் திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“‘எழுதிக்கீதுன்னாத்தான் நான் என் தங்கச்சி ஊட்டுக்கு வரணுமா’ன்னு கேட்டான்.”